வடக்கே பூந்தோட்டம்

பகல் முழுக்கக் களை பிடுங்கிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே களையை விதைத்த ஒருத்தி உலகத்தில் உண்டென்றால் அது நானாகத்தான் இருக்கும். இதைச் சொன்னால் என் பெரிய மகள் இப்போதும் சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும். அன்றைக்குச் சிரித்தவர்களைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது முதுகு நிமிர மாட்டேன் என்கிறது, கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது.

கீழ்வேளூருக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்தில் எங்கள் தெரு. பதினெட்டு வீடு, எல்லாம் கூரை. வீடு எங்களுடையது, வீடு நிற்கிற மண் பண்ணையுடையது. பண்ணை வேலைக்குப் போகிறவரைக்கும் இருக்கலாம், போகாவிட்டால் கூரையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும், அதுதான் ஏற்பாடு. என் வீட்டுக்காரரும் பண்ணைக்கு ஆள், நானும் ஆள். நாற்றங்கால், உழவு, மடை அவருக்கு. நடவு, களை, அறுப்பு எனக்கு. நான் ஐந்தாவது வரை படித்தவள். பள்ளிக்கூடத்தில் மதியம் சோறு போட்டார்கள், அதற்காகப் போனேன். சோறு அன்றன்றைக்குச் செரித்தது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

களை எடுக்கிறவளுக்கு ஆகாயம் தெரியாது. காலையில் வரப்பில் இறங்கினால் மதியம்வரை தண்ணீரும் சேறும் பயிரின் தூரும்தான். பன்னிரண்டு பேர் வரிசை பிடித்து இறங்குவோம். நெல் எது, புல் எது என்று கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் சொல்லிவிடும். பிடுங்கியதை முறுக்கிச் சேற்றுக்குள் காலால் மிதித்துவிட்டு அடுத்த அடி. பின்னால் காரியஸ்தர் குடையோடு வரப்பில் நிற்பார். பண்ணையார் பட்டணத்தில், எங்களுக்குப் பண்ணை என்றால் இந்தக் காரியஸ்தர்தான். யாராவது நிமிர்ந்தால், “என்ன, வானத்துல களை மொளைச்சிருக்கா?” என்பார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இருந்தது, அதையும் இருபது வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்.

அப்படிக் குனிந்தே கிடந்த ஒரு நாளில், வரப்பின் சரிவில் விஷ்ணுகிராந்தியைப் பார்த்தேன். அதற்கு முன்னும் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், ஆனால் கை சும்மா இருந்ததில்லை. அன்றைக்கு எனக்கு இரண்டாவது பெண் பிறந்து மூன்று மாதம். மாரில் பால் கட்டிக்கொண்டு வலித்தது, வீட்டுக்குப் போக விடமாட்டார்கள். நூல் மாதிரிக் கொடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு நீலமாக ஒரு பூ. இதை யாரும் விதைக்கவில்லை, தண்ணி கட்டவில்லை, எல்லாரும் மிதிக்கிறார்கள், இது பாட்டுக்குப் பூத்திருக்கிறதே என்று தோன்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் கேட்டதற்கு, சேறு கண்ணில் தெறித்தது என்றேன்.

அதிலிருந்துதான் விதை சேர்க்க ஆரம்பித்தேன். தும்பைத் தலை காய்ந்து பழுப்பானதும் கவிழ்த்துத் தட்டினால் கறுப்பாகக் கொட்டும். நாய்க்கடுகு பொறுமையில்லாத சாதி, ஒரு நாள் தாமதித்தால் காய் வெடித்து எல்லாம் போய்விடும். கிலுகிலுப்பை நல்ல பிள்ளை, முற்றிவிட்டேன் என்று தானே ஆட்டிக் காட்டும். நீர்முள்ளியில் விதை எடுக்கிறவளுக்கு விரலெல்லாம் முள். எல்லாவற்றையும் முந்தானையில் தனித்தனி முடிச்சாகப் போட்டுக்கொண்டு வருவேன். என்னோடு களை எடுக்கிற செட்டுப் பெண்கள் பார்த்துப் பார்த்துக் கேலி செய்தார்கள்.

“ஏண்டி, நாங்க புடுங்கறதையெல்லாம் நீ கொண்டுபோய் நட்டுக்கிட்டிருந்தா, அந்த வெதை பறந்துவந்து மறுபடி வயல்லதானே வுழும்? அதையும் நாமதான புடுங்கணும்?”

“இருக்கட்டும்க்கா, நமக்கு வேலை இருக்கும்ல” என்பேன். அதற்கு ஒரு சிரிப்பு.

எங்கள் வீடு தெருக்கோடியில் இருந்தது. வடபக்கம் எட்டுக் குழி, அதாவது இரண்டரை சென்ட் போல, கொல்லை. மற்ற வீடுகளில் அவரை, பூசணி, முருங்கை என்று ஏதாவது இருக்கும். எங்கள் கொல்லை பள்ளம். ஐப்பசி மழையில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். கத்தரி வைத்து இரண்டு தடவை அழுகிப்போனது. அதனால் அந்த மண்ணை யாரும் பொருட்படுத்தவில்லை. நான் என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை என்பதே எனக்குப் பெரிய வசதியாக இருந்தது.

முதல் வருஷம் மகா முட்டாள்தனம் ஒன்று செய்தேன். எனக்குத் தெரிந்த விதை விதைநெல் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வைக்கோலுக்குள் பொதிந்து மேலே கல்லை வைத்து முளைகட்டினேன். மூன்றாம் நாள் பிரித்தேன். நெல்லாக இருந்திருந்தால் வெள்ளை முளை எட்டிப் பார்த்திருக்கும். இதுவோ நாற்றம். தும்பை பூசணம் பிடித்துப்போனது. நீர்முள்ளி விதை தண்ணீர் பட்டதும் வழவழவென்று கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். பண்ணையில் நாற்றங்கால் போட அவரைத்தான் கூப்பிடுவார்கள், அவர் முளைகட்டிய விதை பொய்த்ததாகப் பேச்சே கிடையாது. “இதுங்களுக்கெல்லாம் நம்ம உபசாரம் ஒத்துக்காது புள்ள” என்றார். அவ்வளவுதான். எதற்கு இந்த வேலை என்று கேட்கவில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே அந்த மனுஷனோடு வாழலாம் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த வருஷம் முறையை மாற்றினேன். விதையைச் சாம்பலில் கலந்து பானையில் வைத்திருந்து, புரட்டாசிக் கடைசியில் மணலோடு சேர்த்துத் தூவினேன். தும்பையை மண்ணால் மூடவே கூடாது, வெளிச்சம் வேண்டும் அதற்கு. தண்ணீர் நிற்கிற கீழ்க்கோடிக்கு நீர்முள்ளி. கொஞ்சம் மேடான இடத்தில் விஷ்ணுகிராந்தியும் நாய்க்கடுகும். பிறகு ஐப்பசி மழை. கார்த்திகையில் குனிந்து பார்த்து, எது நான் போட்டது, எது தானாக வந்தது என்று பிரித்து, தானாக வந்த கோரையை மட்டும் பிடுங்கினேன். ஆமாம், களைக்குள் களை எடுத்தேன். பகலெல்லாம் எடுத்தது போதாதென்று.

மார்கழியில் கொல்லை பூத்தது. வெள்ளை, மஞ்சள், ஊதா, அடியில் நீலம். எங்கள் தெருப் பூ கோயிலுக்குப் போகாது, அதனால் பறிக்க யாரும் வரவில்லை. தலையில் வைத்துக்கொள்ளவும் உதவாது. ஒன்றுக்கும் உதவாத பூ. வேலை முடிந்து வந்து, கஞ்சி வைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அங்கே போய் உட்காருவேன். உடம்பு அப்படியே இற்றுப்போயிருக்கும். ஆனால் உதவவேண்டிய அவசியமில்லாமல் ஒன்று என் வீட்டில் இருந்தது என்பது எனக்குப் பிடித்திருந்தது. நாலைந்து வருஷம் இப்படியே விதைத்து, விதை எடுத்து, மறுபடி விதைத்தேன்.

அதற்குள் ஊர் மாறிவிட்டது. ஆட்சி மாறி, டீக்கடையில் தொங்குகிற படம் மாறி, விவசாயச் சங்கத்துக் கொடி எங்கள் தெரு முனையிலும் ஏறிவிட்டது. கூலி கூட்டிக் கேட்டு வேலையை நிறுத்தினோம், பண்ணை வெளியூர் ஆளை இறக்கியது, வரப்பில் போலீஸ் வேன் நின்றது. அறுவடைக்கு அறுவடை இதே கூத்து. யார் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு எல்லாம் அலுத்துப்போயிருந்தது. கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

ஒரு நாள் சங்கத்துக்காரர் ஒருவர் தெருவுக்கு வந்து விளக்கினார். புதுச் சட்டம் வந்திருக்கிறது, பண்ணை மண்ணில் குடியிருக்கிறவனுக்கு அந்த மனை சொந்தம், சர்க்கார் பட்டா கொடுக்கும் என்றார்.

“வீடு மட்டும் இல்லீங்க. வீட்டோட சேர்ந்து நீங்க அனுபவிச்சுக்கிட்டு வர்ற கொல்லையும் உங்களுக்குத்தான். ஆனா தாலுகா ஆபீஸ்லேர்ந்து ஆர்.ஐ. வந்து பார்க்கறப்ப அதுல பயிர் பச்சை இருக்கணும். தரிசாக் கெடந்துச்சுன்னா பண்ணைக்குன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.”

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கொல்லையை நீளமும் அகலமும் காலால் அளந்தார். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. பெண்கள் இரண்டும் வளர்ந்துகொண்டிருந்தார்கள். மூங்கில் தட்டி மறைப்பில்தான் குளியல், துணி மாற்றுவதற்கு ஆள் மாற்றி ஆள் வெளியே நிற்க வேண்டும். பள்ளத்தை மண் போட்டு மேடாக்கி இன்னொரு அறை போடலாம், ஓரமாக ஒரு மாடு கட்டலாம் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அவ்வளவு பேசி நான் அவரைப் பார்த்ததில்லை. பேசி முடித்துவிட்டு, பூவைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“இதையெல்லாம் எடுத்துட்டு அவரை, கத்தரி ஏதாச்சும் வெச்சுடலாமா புள்ள? வர்றவங்க கண்ணுக்கு இருக்கும்.”

“பொங்கலுக்கு அப்புறம்தானே வர்றாங்கன்னு சங்கத்துக்காரரு சொன்னாரு. தை பொறக்கட்டுங்க. விதை முத்திடும். எடுத்துக்கிட்டு நானே புடுங்கித் தர்றேன்.”

“சரி” என்றார். நான் அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டேன். அவர் இரண்டாம் தடவை சொல்லியிருந்தால் பிடுங்கியிருப்பேன். சொல்லவில்லை. பிடுங்காதது என் தப்புத்தான், அதை யார் தலையிலும் கட்ட நான் தயாராக இல்லை.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஆர்.ஐ., அளக்கிற சங்கிலி பிடிக்க ஒரு ஆள், குடையோடு காரியஸ்தர், பின்னால் எங்கள் தெரு மொத்தமும். வீடு வீடாக அளந்துகொண்டு வந்தார்கள். அவரைப் பந்தல் இருந்த வீட்டில் பந்தலோடு அளந்தார்கள். பூசணிக்கொடி ஓடிய வீட்டில் கொடியின் நுனிவரைக்கும் போனது சங்கிலி. கடைசியாக எங்கள் கொல்லைக்கு வந்து நின்றார்கள். முன்தினம் லேசாகத் தூறியிருந்தது, எல்லாம் பளிச்சென்று பூத்திருந்தது.

காரியஸ்தர் குடையால் காட்டினார். “இது தரிசுங்க. பாருங்க, வெறும் களை.”

“தரிசு இல்லீங்க ஐயா, நான் வெதைச்சது” என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

ஆர்.ஐ. திரும்பிப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. வெயிலில் அலைந்து களைத்திருந்தார். “என்னம்மா வெதைச்சே?”

“தும்பைங்க. அந்தாண்ட நீர்முள்ளி. இது நாய்க்கடுகு.”

காரியஸ்தர்தான் முதலில் சிரித்தார். “களையை வெதைக்கிற வீட்டை இன்னிக்குத்தான் சார் பார்க்கிறேன். அதுவும் யாரு வீடு? ஒத்தக் களை இல்லாம நாத்தங்கால் வுடறவன் வீடு!” தெரு சிரித்தது. என்னோடு தினம் வரிசை பிடிக்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வழக்கமாகச் சிரிப்பதுதானே, பழக்கத்தில் வந்துவிட்டது. சங்கிலி பிடித்த ஆளும் சிரித்தான். ஆர்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டு என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

“என்னப்பா, உன் சம்சாரம் சொல்றது நெசமா? இதை நீங்க வெதைச்சீங்களா?”

அவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வயலில் நாலு புல் தெரிந்தாலே வரப்பில் போகிறவன் உழைக்காத குடும்பம் என்று பேசுகிற ஊர் இது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கொல்லையையும் பார்க்கவில்லை.

“இல்லீங்க” என்றார். “அது தானா மொளைச்சதுங்க.”

சங்கிலி வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றுவிட்டது. அங்கே ஒரு கல்லை நட்டார்கள். பொங்கல் முடிந்த வாரம் பண்ணை ஆட்கள் கல்லை ஒட்டிக் கருவை முள்ளால் வேலி அடைத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வைக்கோல் போர் போட்டார்கள். விதை எடுக்க நான் போகவில்லை, போகவும் முடியாது.

நாலு நாள் நான் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், சாப்பிட உட்கார்ந்தவரிடம் கேட்டேன்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“எல்லாரும் ஒன்னப் பைத்தியம்னு சிரிக்கறாங்க. எனக்குத் தாங்கல.”

“அவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. தினம் சிரிக்கறதுதானே. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் இத்தனை வருசம் குனிஞ்சு குனிஞ்சு போட்டதை நீங்க பார்க்கலையா?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் அந்த ஆர்.ஐ. தரிசு என்றுதான் எழுதியிருப்பார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. சட்டத்தில் தும்பைக்கு என்ன இடம்? அறை போனதும் மாடு போனதும் பெரிய நஷ்டம்தான். பெண்கள் இரண்டும் கல்யாணமாகிப் போகிறவரை அந்தத் தட்டி மறைவில்தான் குளித்தார்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னையே நான் திட்டிக்கொண்டேன். ஆனால் வலித்தது வேறு இடத்தில். ஊரே இல்லை என்று சொல்லட்டும், பார்த்தவர் சொல்லலாமா?

பட்டா வர அதற்கப்புறம் ஒரு வருஷம் போல ஆனது. கீழ்வேளூரில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, தோரணமும் மாலையுமாகக் கொடுத்தார்கள். நான் போகவில்லை, வறட்டி தட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவர் பட்டாக் காகிதத்தோடு வந்தார். சங்கத்து இரவுப் பள்ளியில் அவரும் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருந்தார். என் கை இரண்டும் சாணி. “நீங்களே படிங்க” என்றேன்.

நின்றபடியே படித்தார். பெயர், ஊர், மூன்று குழி. பிறகு நான்கு எல்லை. “கிழக்கே தெரு. தெற்கே அடுத்த மனை. மேற்கே வாய்க்கால் கரை.” கொஞ்சம் நிறுத்தினார். எழுத்துக் கூட்டுகிறார் என்று நினைத்தேன். “வடக்கே பூந்தோட்டம்.”

“அப்படியா எழுதியிருக்கு?”

“ஆமா, போட்டிருக்கு” என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. மண் போனது போகட்டும், சர்க்கார் காகிதத்தில் இருக்கிறது. அந்த ஆர்.ஐ. வாயால் ஒன்றும் சொல்லாவிட்டாலும் கையால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவரை மனசுக்குள் எவ்வளவோ வாழ்த்தினேன். வயலில் யாராவது பழைய கதையைக் கிளறிக் கேலி செய்தால், “எங்க வீட்டுப் பட்டாவுல என்னா போட்டிருக்குன்னு போய்ப் பாருடி” என்பேன். யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பெட்டி பரண் மேல் இருந்தது, காகிதத்தை எடுக்க ஒரு காரணமும் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் தலை நிமிர்ந்திருக்கிறேன்.

அவர் காலமான வருஷம், மனையை என் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று மகள் சொன்னாள். பெட்டியை இறக்கினோம். தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கும்போதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரித்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது, ஆனால் எழுத்து நன்றாகத் தெரிந்தது. கிழக்கே தெரு. தெற்கே அடுத்த மனை. மேற்கே வாய்க்கால் கரை. வடக்கே பண்ணைத் தரிசு.

திரும்பவும் படித்தேன். அவர் நிறுத்திய இடம் எனக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், வீட்டுக்குள் வந்து சொல்லியிருக்கிறார் மனுஷன். அதையும் என்னிடம் மட்டும். செத்தவரைக் கோபித்துக்கொள்ளக்கூடாது என்பார்கள். நான் கோபித்துக்கொண்டேன். அந்தக் கோபத்தோடு அழுகையும் சேர்ந்து வந்தது, மகளுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. ஜன்னலுக்குள் இருந்த பெண் என் பேத்தி வயசு. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“வடக்கே தரிசுன்னு இருக்கு. ஆதியிலேர்ந்தே தரிசுதானாம்மா? எப்பவாச்சும் யாராச்சும் அங்க பயிர் வெச்சிருந்தாங்களா?”

நான் வாயைத் திறந்தேன். தும்பை என்று சொல்ல வேண்டும். நான் விதைத்தேன் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள், பக்கத்தில் என் மகள் நின்றாள்.

“இல்லீங்க” என்றேன். “தரிசுதாங்க.”

அவள் எழுதிக்கொண்டாள்.